உனக்கு அட்டை, எனக்கு வார்டு

வெள்ளக்கடை
12.6.2005

தங்கம்மாவுக்கு அக்கா கண்ணம்மாள் எழுதுவது.

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் கிளம்பினாய் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஊட்டில் போன் இருக்கிறது. ஆனால் போனில் நீ முந்திக்கொள்வாய், நான் சொல்ல வந்தது மறந்துபோகும். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரைக்கும் நீ வாயைத் திறக்க முடியாது.

சென்றாயன் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான் என்று கேட்டதும், மண்வெட்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓசூருக்கு ஓடிவந்தேன். நீ பெற்றவன் என்றாலும் இரண்டு வயதுவரை என் இடுப்பில் இருந்தவன். அழுதுகொண்டே அந்த அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே குளிர். குளிரைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கள் மலையில் அது சும்மா கிடக்கிறது. சுவரில் டிவி. துணைக்கு வந்தவர்கள் உட்கார சோபா. நாளைக்குக் காலையில் இட்லியா பொங்கலா என்று கேட்டு எழுதிக்கொண்டு போக ஒரு பெண். பையனுக்குக் கால்தான் முறிந்திருந்தது, முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நீ கைப்பையைத் திறந்து அந்த இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து எனக்குக் காட்டினாய். "இதக் காட்டினாப் போதுங்க்கா, காசே எடுக்க வேண்டாம்" என்றாய்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். லிப்டில் உன் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "இவங்க எங்கக்கா, மலையில இருக்கறாங்க. தர்மாஸ்பத்திரிய விட்டா வேற பார்த்ததில்ல" என்று சிரித்தாய். அவளும் சிரித்தாள். லிப்ட் கீழே நின்றதும் நான் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பொறாமைதான், தங்கம்மா. மறைத்து என்ன ஆகப்போகிறது? நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், சேலையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நோயாளியின் கட்டிலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சின்ன வயதில் நம் இரண்டு பேருக்கும் ஒன்றாக டைபாய்டு வந்தபோது அப்பா உன்னை எஸ்டேட் லாரியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார், திராட்சை வாங்கிக் கொடுத்தார். என்னைக் கஷாயத்தோடு கூலிக்காரர்களின் லைன் வீட்டில் விட்டார். நான் பிழைத்துக்கொள்வேன் என்று அவருக்கு நம்பிக்கையாம். அந்த நம்பிக்கையை இன்றைக்கும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த அட்டைக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள்? மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

கண்ணம்மாள்

*

ஓசூர்
21.6.2005

அக்கா,

உன் கடிதத்தை இவர் பார்ப்பதற்கு முன்னால் பீரோவில் ஒளித்துவைத்தேன். படித்தால் "உங்கக்கா இப்படியா நெனச்சுட்டாங்க" என்று அடுத்த பஸ்ஸில் மலைக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கு என்னைவிட உன்மேல் மரியாதை அதிகம்.

லிப்டில் சொன்னது தவறாகப் பட்டிருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் நான் பொய் சொல்லவில்லையே. நீ போகிறது தர்மாஸ்பத்திரிதானே? நானும் சின்ன வயதில் அங்கேதானே போனேன்? அந்த வரிசையும் மருந்து வாசனையும் இனி என் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் இதைக் கட்டுகிறோம்.

கேட்டாய், சொல்கிறேன். வருஷத்துக்கு இவருடைய அரை மாதச் சம்பளம் போகிறது. மே மாதம் வந்தால் புதுப்பிக்க வேண்டும். எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வருஷத்தில் ஒரு லட்சம்வரை ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுக்கும். அந்த வருஷம் யாருக்கும் ஒன்றும் வரவில்லை என்றால் கட்டினது கட்டினதுதான், திரும்பி வராது. உனக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நீ போய் நின்றால் சர்க்கார் பார்த்துக்கொள்கிறது. நாங்கள் இரண்டுங்கெட்டான். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சம், சொந்தக் காசில் பார்க்க வசதி இல்லை. கூச்சத்துக்குத்தான் காசு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்.

நீ பொறாமை என்று எழுதிவிட்டாய். நானும் ஒன்று எழுதட்டுமா? ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது சென்றாயன் "பெரியம்மா, பெரியம்மா" என்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் கை அவன் நெற்றிமேல் இருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்கதான் பெரியம்மாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சோபாவும் டிவியும் உனக்குப் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அது தெரிந்தது.

தங்கம்மா

*

வெள்ளக்கடை
4.9.2005

தங்கம்மாவுக்கு,

நானும் அட்டை வாங்கிவிட்டேன்.

ஏற்காடு ஒண்டிக்கடையில் ஆரோக்கியதாஸ் என்று ஒரு தம்பி ஏஜெண்டாக இருக்கிறார், பேக்கரிக்கு மேல் மாடி. இரண்டு கிடாயை விற்று எனக்கும் உன் மாமாவுக்கும் சேர்த்துக் கட்டினேன். உன் மாமா ஐயாக்கண்ணுவுக்கு முதலில் சம்மதமே இல்லை. "ஏம்புள்ள, நோவு வராம இருக்கச் சேர்வராயனுக்கு ஒரு தேங்கா ஒடச்சாப் பத்தாதா?" என்றார். "உங்க சாமி ஏசி ரூம் குடுக்குமாங்க?" என்று கேட்டேன். அவர் கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், கிடாய் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் அவரே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு சந்தைக்குப் போனார்.

அட்டை தபாலில் வந்தது. களை வெட்டும் இடத்துக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டினேன். தொட்டுப் பார்த்தார்கள். "இதக் காட்டினாப் போதுங்க, காசே எடுக்க வேண்டாம்" என்று சொன்னேன். என் குரல் உன் குரல் மாதிரியே இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சோறு நொம்ப நன்றாக இறங்கியது.

இனி எழுதுவதை மாப்பிள்ளைக்குக் காட்டாதே. எனக்கு ஆறேழு மாதமாக மாதவிலக்கு ஒழுங்காக நிற்பதில்லை. அடிவயிற்றில் கல் வைத்த மாதிரி இருக்கிறது. ஓசூருக்கு வந்தபோதும் இருந்தது. அட்டை வந்ததும் உன் மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். ஏஜெண்ட் தம்பி ஆம்பிளைப் பிள்ளை, அவரிடம் எப்படிக் கேட்பது? "ஏனுங்க தம்பி, ஒருத்திக்கு வயித்துல கட்டி மாதிரி முன்னாடியே இருந்தா இதுல பார்ப்பாங்களா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"முன்னாடியே இருக்கற நோவுக்கு ஒடனே கெடைக்காதுங்க்கா. நாலு வருசம் விடாமக் கட்டியிருக்கணும்."

"அப்ப இது எதுக்குங்க?"

"இனிமே வர்ற நோவுக்குங்க. வாங்கறப்பவே சொன்னனே, நீங்க கவனிக்கலையாட்ட இருக்குதுங்க்கா."

சொல்லியிருப்பார். நான் அப்போது அட்டையில் என் பெயரை எப்படிப் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பரவாயில்லை, நாலு வருஷம்தானே. எஸ்டேட் டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுக்கிறார்கள். காத்திருந்து, அட்டையைக் காட்டி, கதவு மூடின அறையில் படுத்துத்தான் இதை எடுத்துக்கொள்வேன். சேலம் பெரிய தர்மாஸ்பத்திரிக்குப் போனால் நீ மறுபடியும் சிரிப்பாய்.

கண்ணம்மாள்

*

ஓசூர்
13.9.2005

அக்கா,

உனக்குப் பைத்தியமா? நாலு வருஷம் ரத்தம் போய்க்கொண்டிருந்தால் நீ இருப்பாயா? நாளைக்கே மாமாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரைப் போய்ப் பார்.

உன் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. சென்றாயன் காலில் வைத்த தகடு சரியாகச் சேரவில்லை, அடுத்த மாதம் மறுபடி ஆபரேஷனாம். எங்கள் அட்டையில் உன் பெயர் கிடையாது. பெயர் இல்லாதவர்களுக்கு அது வெறும் பிளாஸ்டிக்.

நான் ஏசி அறையில் இருந்தால் நீயும் ஏசி அறையில் இருக்க வேண்டும் என்பது என்ன வீம்பு? என்னைப் பார்த்து எதையும் செய்யாதே அக்கா. நான் சிரிக்க மாட்டேன். போ.

தங்கம்மா

*

வெள்ளக்கடை
22.1.2006

தங்கம்மாவுக்கு,

நீ போ என்றாய். நான் போகவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.

மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு உச்சத்தில் இருந்த நேரம். கூடை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. செடியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்தபோது எஸ்டேட் ஜீப்பில் இருந்தேன். டிரைவர் மூக்கன், "அக்கா, பேசிக்கிட்டே வாங்க, தூங்கிப்போடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓட்டினான். ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டா பழம் பறிச்சீங்க?" என்றார். அங்கிருந்து ஆம்புலன்சில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே உன் மாமா என்ன செய்தார் தெரியுமா? சேர்க்கிற இடத்தில் அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். "எங்ககிட்ட அட்டை இருக்குதுங்க, எங்க ஊட்டுக்காரியக் காப்பாத்துங்க" என்று அழுதாராம். அங்கே இருந்தவர், "இங்க அட்டையெல்லாம் எதுக்குங்க பெரியவரே? அந்தம்மாவ உள்ள கொண்டுபோயாச்சு. நீங்க போய்த் தண்ணி குடிங்க" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி இப்போதும் அழுகிறார்.

முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். பிறகு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதில் ஒரு பிள்ளை தங்கவில்லை, கட்டி மட்டும் தங்கியிருந்தது. "ஏம்மா இத்தன நாள் வரல?" என்று டாக்டர் கேட்டார். என் தங்கச்சி அட்டையைக் காட்டினாள், எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று இருந்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? "காப்பிப் பறிப்புங்க" என்றேன்.

வார்டு எப்படி என்று கேட்பாய். நீ பயப்படுகிற கூட்டம் இருந்தது, வரிசை இருந்தது. விளக்கை அணைக்கவே மாட்டார்கள். இட்லியா பொங்கலா என்று யாரும் கேட்கவில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டோம். ஆனால் பக்கத்துக் கட்டிலில் மஞ்சக்குட்டை ஊர் அத்தாயி இருந்தாள். அவள் பேச ஆரம்பித்தால் வலி மறந்துபோகும். செல்வமேரி என்று ஒரு நர்சம்மா. என்னை மட்டும் "கண்ணம்மாக்கா" என்று கூப்பிடுவாள், மற்றவர்களைக் கட்டில் நம்பரைச் சொல்லித்தான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குப் புரியாது. எங்களுக்கு ஆனதெல்லாம் பஸ் சார்ஜும் உன் மாமா கடையில் சாப்பிட்ட சாப்பாடும்தான். ஒரு நாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்த பை ஒன்று வாசல் காவலாளி மூலம் வந்தது. யார் கொடுத்தது என்று தெரியவில்லை. அத்தாயியின் சொந்தக்காரர்களாக இருக்கும் என்று பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

இத்தனை இருந்தும் சொல்கிறேன். கண்ணை மூடினால் உன் மகன் படுத்திருந்த அறைதான் வந்தது. கட்டி போய்விட்டது, பொறாமை போகவில்லை.

உன் மாமா உங்களுக்குப் போன் செய்தாராம். மாப்பிள்ளை வேலையில் லீவு கிடைக்காமல் தவித்தாராம். நீ? அக்கா செத்தாளா இருக்கிறாளா என்று பார்க்க ஓசூருக்கும் சேலத்துக்கும் நடுவில் பஸ் ஓடவில்லையா?

கண்ணம்மாள்

*

ஓசூர்
9.3.2006

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் வந்தேன். மாமா போன் செய்த மறுநாளே பஸ் ஏறினேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் நான் கொண்டுவந்ததுதான். வார்டைத் தேடிக் கண்டுபிடித்து வாசல்வரைக்கும் வந்துவிட்டேன். நீ வெளுத்துப்போய்க் கிடப்பாய், நான் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வேன், நீ அழுவாய் என்றெல்லாம் பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நீ சிரித்துக்கொண்டிருந்தாய். யாரோ ஒருத்தி உன் பின்னால் உட்கார்ந்து தலையை வாரிக்கொண்டிருந்தாள். அத்தாயி அவள்தானா? மாமா டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒருத்தி, "சிரிக்காதீங்க்கா, தையல் பிரிஞ்சுக்கும்" என்றாள். அதற்கும் எல்லாரும் சிரித்தீர்கள். நான் கதவுப் பக்கம் நின்றேன். ஒருத்தரும் திரும்பவில்லை.

சென்றாயனோடு அந்த அறையில் நான் இருந்தபோது கதவு எப்போதும் மூடியே இருந்தது. டிவியைப் போட்டுவைப்பேன், மனிதக் குரல் கேட்கட்டும் என்று. யாராவது தட்டினால் பில் கொண்டுவருகிற பையனாக இருப்பான். அங்கே நான் படுத்தால் என் தலையை யார் வாருவார்கள் என்று அந்த வாசலில் நிற்கும்போது தோன்றியது. அதற்குமேல் உள்ளே காலை வைக்க முடியவில்லை. உன் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை அக்கா. பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் என் தலையை யார் வாருவார்கள் என்று அப்போது நினைத்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னாலிருந்து என் இடது மார்பில் ஒரு கட்டி. முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது. இப்போது எலுமிச்சை. இவரிடம் பொங்கல் கழித்துத்தான் சொன்னேன். ஓசூரில் அதே ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும், அப்புறம் தவணை தவணையாக மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். அட்டையைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள் அந்தப் பெண். சென்றாயனின் இரண்டு ஆபரேஷனுக்கும், அந்த அறைக்கும், அந்த சோபாவுக்கும், இட்லி பொங்கலுக்கும் சேர்த்து இந்த வருஷத்து லட்சம் தீர்ந்துவிட்டதாம். மே மாதம் புதுப்பித்தால்தான் மறுபடி.

அதனால் மேக்காகக் காத்திருக்கிறேன். இவர் சொந்தக் காசில் செய்யலாம், வீட்டை அடகு வைக்கலாம் என்கிறார். பிள்ளைகளுக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். சர்க்கார் ஆஸ்பத்திரி என்று அவர் ஒரு தடவை வாயைத் திறந்தார். எந்த முகத்தோடு போவேன்? முதலில் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இன்னும் இரண்டு மாதம்தானே.

தங்கம்மா

*

வெள்ளக்கடை
13.3.2006

தங்கம்மா,

இதைக் கொண்டுவருவது உன் மாமா. தபாலில் போட்டால் நீ ஒளித்துவைப்பாய். இதை மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்று ஒட்டாமல் அனுப்புகிறேன்.

இரண்டு மாதம்தானே என்று எழுதியிருக்கிறாய். நாலு வருஷம்தானே என்று எழுதினவளுக்கு எழுதுகிறாய். என்னைப் பைத்தியமா என்று கேட்டது யார்?

துணியை எடுத்துவைத்துக்கொண்டு மாமாவோடு கிளம்பு. நாளைக்குக் காலையில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். சீட்டு வாங்கிவைத்திருப்பேன். வரிசையில் நான் நிற்கிறேன், நீ மரத்தடியில் உட்கார்.

நான் சிரிப்பேன் என்று பயப்படாதே. சிரித்தாலும் சிரிப்பேன். அதற்காக நீ சாக வேண்டாம், சாமி. வந்துவிடு.

அக்கா

*

சேலம்
2.7.2006

அக்கா,

நேற்று நாலாவது தடவை மருந்து ஏற்றினார்கள். ஊசி குத்தின கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆபரேஷனின்போது நீ இருபது நாள் என் பக்கத்திலேயே இருந்துவிட்டு மலைக்குத் திரும்பினதிலிருந்து வார்டில் எல்லாரும் உன்னையே விசாரிக்கிறார்கள். இவருடைய தங்கை பார்வதிதான் இப்போது துணைக்கு இருக்கிறாள். மருந்து ஏற்றும் நாளில் என் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக்கொள்கிறாள். மற்ற நாளெல்லாம் கொண்டலாம்பட்டியில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். மலைக்கு வா என்று நீ எழுதினாய். இந்த உடம்போடு அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். பார்வதி மோர் அடித்துத் தருகிறாள், கால் பிடித்துவிடுகிறாள். இரண்டாவது தவணைக்கு முன்னால் முடி கையோடு வந்தபோது, "அண்ணி, மொளைக்கறப்ப சுருட்டை முடியா மொளைக்குமாமுங்க" என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள். மிச்சம் இருந்ததை அவள்தான் வாரிவிட்டாள்.

உன் வார்டிலிருந்து இங்கே மாறிவந்த செல்வமேரி என்னைத் "தங்கம்" என்று கூப்பிடுகிறாள். இந்த வார்டிலேயே தொந்தரவு கொடுக்காத நோயாளி நான்தானாம். "உங்கக்கா இருந்தாங்களே, அப்பப்பா" என்றாள். எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மே மாதம் பாலிசி புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டவேண்டிய தொகையைப் பார்த்து இவர் உட்கார்ந்துவிட்டார். போன வருஷத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவ்வளவு வாங்கிவிட்டோமாம். இருந்தாலும் கட்டினோம். கட்டின மறுநாளே, "இனி நீ இங்க இருக்க வேண்டாம், மிச்ச மருந்த ஓசூர்லயே அந்த அறையில ஏத்திக்கலாம்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். இங்கே மின்விசிறி சுற்றினாலும் வெயில் தணியவில்லை. என்னைப்போல ஊசிக்குக் காத்திருக்கிறவர்கள் வராந்தாவரைக்கும் இருக்கிறார்கள்.

ஆனால் நானும் இப்போது கேட்கக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கச் சொன்னேன். மிச்சத் தவணைகளை முடிப்பதற்குள் இந்த வருஷத்து லட்சமும் போய்விடும். நடுவில் சென்றாயனுக்கோ சின்னவளுக்கோ இவருக்கோ ஏதாவது வந்தால்? அட்டை அவர்களுக்கு இருக்கட்டும் என்றேன். எனக்கு இங்கேயே பார்க்கிறார்கள், அதே மருந்து. அட்டையைக் குறை சொல்லவில்லை அக்கா. அது இருந்ததால்தான் சென்றாயன் நடக்கிறான். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கேவலமாக நினைத்தேனே, அதுதான் என் கட்டி.

இன்னும் இரண்டு தவணை. டாக்டர் நல்லபடியாக இருக்கிறது என்கிறார்.

தங்கம்மா

*

வெள்ளக்கடை
6.8.2006

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பார்வதி வருகிற இடத்தில் என் குரல் மாறிப்போனதாம். சிரிக்கிறார் மனுஷன்.

மாறாமல் என்ன செய்யும்? மோர் அடித்துத் தருகிறாளாம், கால் பிடிக்கிறாளாம். நீ குழந்தையாக இருந்தபோது உன் காலைப் பிடித்துவிட்டுத் தூங்கவைத்தவள் யார்? பார்வதி உன் கல்யாணத்துக்கு அப்புறம் வந்தவள். நல்ல பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவள் நல்லவளாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக இங்கே காப்பிச் செடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருப்பேன்.

செல்வமேரியை வந்து கவனித்துக்கொள்கிறேன். நான் அப்படி என்ன தொந்தரவு கொடுத்தேன்? இரண்டாம் தடவை காப்பி கேட்டதும், அத்தாயியோடு சேர்ந்து பாடினதும் ஒரு தொந்தரவா? அவளை உனக்குப் பழக்கிவிட்டதே நான். இப்போது நீ தங்கம், நான் அப்பப்பாவா?

ஆரோக்கியதாஸ் தம்பி வந்து பாலிசி புதுப்பிக்கிற நாள் வருகிறது என்று சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்றுதான் உன் மாமா நினைத்தார். கட்டிவிட்டேன். எனக்காக இல்லை. மனுஷனுக்கு வயது ஏறுகிறது, திடீரென்று ஏதாவது வந்தால் ஏதாவது ஒரு கதவு திறக்கட்டும். எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அதில் நுழைவேன். இந்தத் தடவை அந்தத் தம்பி சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கட்டினேன். பாதி புரிந்தது. மீதியை மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்கிறேன்.

சென்றாயன் போன ஞாயிறு வந்திருந்தான். காலில் சின்ன இழுப்பு இருக்கிறது. மேட்டில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். "பெரியம்மா, அம்மா பொழச்சுக்குவாங்களா?" என்று கேட்டான். அவன் உன்னைப் பற்றிக் கேட்டான் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு முழுவதும் அவன் வாயில் அம்மா, அம்மாதான். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தாலும் நன்றாக இருந்தது.

"பொழச்சுக்குவா கண்ணு, அவ பிடிவாதக்காரி" என்றேன்.

கடைசித் தவணை வெள்ளிக்கிழமை என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அது முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதுமாம். கேட்டதும் ரைட்டரிடம் போய் லீவு கேட்டேன். தர முடியாது என்றார். நான் கேட்கவில்லை, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். பார்வதியிடம் நான் சொன்னதாகச் சொல்: "நீங்க பார்த்த வரைக்கும் நொம்பச் சந்தோசமுங்க, இனி ஊட்டுக்குப் போயி நிம்மதியாப் படுங்க." முகம் கோணாமல் சொல், பாவம். உன் கட்டிலுக்கு அடியில் ஒரு பாய் போடத்தான் இடம் இருக்கிறது.

அவள் பாயைச் சுருட்டி வைக்கச் சொல். என் பாயை நான் கொண்டுவருகிறேன்.

அக்கா